தலைவர் குடிப்பதில்லை

பிப்ரவரி 22, புதன்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. சாம்பல் புதன் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அருமைநாயகம் ஐயர் என் கையில் திணித்தார். எங்கள் ஆனந்தவிளை சபைக்குப் போதகராகப் போன வருடம்தான் வந்தார். வயது நாற்பதுகூட இருக்காது.

"ஈஸ்டர் வரைக்கும், லெந்து நாள் முழுக்க எழுதுங்க சார். தினமும் எந்த இடத்துல உங்க மனசு உங்க பிடியை விட்டுப் போச்சோ, அதை மட்டும் எழுதினாப் போதும்."

"எதுக்கு?"

"தலைவர் இல்லியா."

ஆம். இன்று முதல் சபையின் மது ஒழிப்புக் குழுவுக்கு நான் தலைவர். ஏகமனதான தேர்வு. மாசிலாமணி, வயது அறுபத்திரண்டு, பஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம், கடைசிப் பதினான்கு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். இதுநாள்வரை ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஐயர் குழுவுக்குத் 'தெளிந்த புத்திக் குழு' என்று பெயர் வைத்திருக்கிறார். 'மது ஒழிப்பு' என்றால் போதாதா என்று கேட்டேன். போதாது என்று சிரித்தார்.

இன்றைய அறிக்கை: என் மனது என் பிடியை விட்டு எங்கும் போகவில்லை. டீயில் சீனி கூடியிருந்ததை மனைவி எப்சிபாவிடம் எடுத்துச் சொன்னேன். டம்ளர் தானாக உருண்டு விழுந்தது.

பிப்ரவரி 23, வியாழன்

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் சேவலிடம் பேசியதைச் சேர்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

குடியை விடுவதாகக் கையெழுத்துப் போட இன்று மேஜை போட்டோம். மூன்று பேர் வந்தார்கள். முதலாவது ஆள் முதியோர் பென்ஷனுக்கு மனு வாங்குகிறோம் என்று நினைத்து வந்தவர். இரண்டாவது ஆள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது கோயில்பிச்சை.

கோயில்பிச்சை மைக் செட் வைத்திருக்கிறவன். நாற்பது வயது. ஊரில் கல்யாணம், சாவு, கோயில் பண்டிகை எல்லாவற்றுக்கும் அவன்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். கட்டிவிட்டு அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான், விழாமல் இருக்க. போன மாதம் அவன் மனைவி ஜெபக்கனி மகளைக் கூட்டிக்கொண்டு உடன்குடிக்குத் தாய்வீடு போய்விட்டாள். ஈஸ்டர் வரை குடிக்காமல் இருந்தால் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம்.

"என்னால முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"முடியாதுன்னு தெரிஞ்சா ஏம்ல கையெழுத்துப் போடுத?" என்றேன்.

ஊக்கப்படுத்துவதற்காகத்தான் சொன்னேன். ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மார்ச் 2, வியாழன்

கோயில்பிச்சை கடையில் திடீர் சோதனை. காலை ஏழு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. நேரம் மாற்றி மாற்றிப் போக வேண்டும். பஸ்ஸில் நான் கற்ற பாடம்.

"ஊது" என்றேன்.

"அண்ணாச்சி, பூண்டு ஊறுகா தின்னுருக்கேன்."

"ஊதுல."

ஊதினான். உண்மைதான். பூண்டு. மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு பெஞ்சுகளைத் திருப்பிப் போடுவது சம்பந்தமாகக் கமிட்டி மெம்பர் செல்வின்துரையோடு சிறிய கருத்துப் பரிமாற்றம். நான் சத்தம் போடவில்லை. தெளிவாகப் பேசினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பரோட்டாக் கடையில் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள்; அவர்களுக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை எப்சிபாவிடம் விவரித்தபோது, பாதியில் அவள் முருங்கைக்கீரை பறிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பேச ஆரம்பித்தாலே அவளுக்குக் கீரை ஞாபகம் வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் கீரை.

மார்ச் 9, வியாழன்

ஐயர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"சார், பதினாறு நாளா ஒண்ணுமே இல்லைன்னா நீங்க இதுக்குள்ள பரலோகத்துக்கே போயிருக்கணுமே."

கர்த்தருடைய கிருபை என்றேன்.

"சபையை நடத்துறவன் குடிகாரனா இருக்கக்கூடாதுன்னு வேதத்துல இருக்குல்லா? அடுத்த வார்த்தையையும் வாசிச்சுட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். அடிக்கிறவனாகவும் சண்டைக்காரனாகவும் இருக்கக்கூடாது, பொறுமை வேண்டும் என்று வருகிறது. நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. சண்டைக்காரர்கள் என்று பார்த்தால் நம் சபையில் மூன்று பேர் இருக்கிறார்கள். பெயர்களைத் தனித்தாளில் எழுதி ஐயரிடம் கொடுத்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். வெயில்.

மார்ச் 16, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். பின் சீட்டில் இரண்டு பேர் டிக்கெட் எடுக்காதது போலத் தெரிந்தது. பழக்க தோஷம், எழுந்து கேட்டுவிட்டேன். பிறகு, கேட்டது கேட்டாயிற்று என்று மற்றவர்களிடமும் கேட்டேன். கண்டக்டர் வந்து "நீங்க யாரு?" என்றான். யார் என்று விளக்கினேன். விளக்கம் சற்று நீண்டுவிட்டது. நாலு கிலோமீட்டருக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள்.

நடந்தேன். உடம்புக்கு நல்லது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பெனிட்டா இந்த மாதம் ஒருமுறைதான் பேசினாள். அதுவும் ஒரு நிமிடம். வேலை அதிகமாம்.

மார்ச் 26, ஞாயிறு

கோயில்பிச்சைக்கு இன்றோடு இருபத்தொன்பது நாள். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. கோயிலின் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான். உட்கார்ந்து பார்த்தேன். திருகாணிகளைத் தட்டில் வரிசையாக வைத்திருந்தான். ஒழுங்கான வேலைக்காரன், ஒத்துக்கொள்ள வேண்டும்.

"இருபத்தொம்பது நாள் பெருசில்லல. கடைசி ஒரு வாரத்துலதான் எல்லாவனும் விழுவான்" என்றேன். எச்சரிக்கை செய்வது தலைவரின் கடமை.

அவன் கை பட்டு ஒரு திருகாணி உருண்டு ஓடியது, தேடி எடுத்தான்.

எப்சிபா அவனுக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தாள். திரும்பி நடக்கும்போது சொன்னாள்: "தூக்கிவிடத் தெரியாட்டா போவுது. தள்ளியாவது விடாம இருங்க."

முப்பத்துநான்கு வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அதைப் பற்றி அவளிடம் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். கீரை பறிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

முழுவதையும் எழுதுகிறேன். சம்பவங்களை வரிசையாகச் சொல்வது என் தொழில். இன்று அது கை கொடுக்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் பவனி. முன்னால் வேன், அதன்மேல் நான்கு குழாய், பின்னால் சபையார் குருத்தோலைகளோடு. பஜார் முக்கில் பவனி நின்றதும் குடியின் தீமை பற்றி ஐந்து நிமிடம் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. கோயில்பிச்சை மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அது கொர்ரென்று இரைந்தது. பிடுங்கித் துடைத்து, ஊதி, திருப்பிக் கொடுத்தான். அப்போது அவன் மேலிருந்து அந்த வாடை வந்தது. தெளிவான, கூர்மையான சாராய வாடை.

நான் அவன் காதுக்குள் இரகசியமாகத்தான் கேட்டேன்.

"குடிச்சிருக்கியால, நாய? இன்னைக்குமா? உன்ன மாதிரி ஆளுக்கெல்லாம் பொண்டாட்டி எதுக்குல, பிள்ள எதுக்குல?"

மைக் என் கையில்தான் இருந்தது. இப்போது அது நன்றாக வேலை செய்தது. நாலு குழாயும் சொல்லின. பஜார் கேட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊர்ச் சபையாரும் பவனியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

கோயில்பிச்சை என்னை ஏறிட்டுப் பார்த்தான். தோளில் கிடந்த வயர்ச் சுருளை எடுத்து வேன் படியில் மெதுவாக வைத்தான். பஜாருக்குள் நடந்து போனான்.

வேன் டிரைவர்தான் கருவிப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஸ்பிரிட் பாட்டில், ஒரு துணி. "மைக்குப் பின்னு துருப்பிடிச்சா இத வச்சுத்தான் சார் துடைப்பான். காலையில இருந்து துடைச்சுக்கிட்டே இருந்தான். நீங்க பேசும்போது இரையக்கூடாதாம்."

நான் பேசவில்லை. ஐயர் ஜெபம் செய்து பவனியை நடத்திக்கொண்டு போனார்.

வீட்டில் எப்சிபா சோறு வைத்தாள். அந்த வாடையில் யாரும் சந்தேகப்படுவார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் கீரை பறிக்கப் போகவில்லை. எதிரில் நின்றாள்.

"பன்னெண்டு மணிக்கே ஒயின்ஷாப் தொறந்தாச்சு. அவன் பொண்டாட்டி அடுத்த ஞாயித்துக்கிழமை வாரா. நீங்க இருந்து சாப்பிடுங்க."

மொபெட்டை எடுத்தேன்.

அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒயின்ஷாப் பாருக்குள் நுழைந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் குருத்தோலைச் சிலுவை. உள்ளே இருட்டு, அவித்த முட்டை வாசம். சப்ளையர் வந்தான்.

"என்ன பெருசு, குவார்ட்டரா ஆஃபா?"

"ஒரு ஆளைத் தேடுதேன்."

"ஆளு இங்க விக்கிறதில்ல. ஏதாவது வாங்குனாத்தான் உக்காரலாம்."

ஒரு சோடா சொன்னேன். மூலையில் கோயில்பிச்சை உட்கார்ந்திருந்தான். முன்னால் பிளாஸ்டிக் கிளாஸ், விளிம்புவரை. நான் எதிரில் உட்கார்ந்தேன். அவன் கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஊதட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம்."

"இன்னும் குடிக்கல. ஊத்தி ஒரு மணி நேரமாச்சு."

"எப்படில இருக்க முடியுது?"

"அடுத்த அஞ்சு நிமிசம் குடிக்கமாட்டேன், அவ்வளவுதான். நாப்பது நாள்னா எனக்குக் கையில காலுல நடுக்கம் வந்துரும். அஞ்சு நிமிசம்னா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திரலாம். அது முடிஞ்சா அடுத்த அஞ்சு. முப்பத்தாறு நாளா இப்படித்தான்."

சோடா வந்தது. குடித்தேன். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். மற்றவர்களிடம் எத்தனையோ முறை கேட்டு வாங்கியிருக்கிறேன், கொடுத்துப் பழக்கமில்லை. தொண்டையில் சோடா கேஸ் வேறு.

"நான் சொன்னது தப்புல."

"எது அண்ணாச்சி?"

"எல்லாம். இன்னைக்குச் சொன்னதும். முன்னால சொன்னதும்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "மன்னிச்சிரு, கோயில்பிச்சை."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை. சப்ளையர் இரண்டு பேருக்கும் டிஷ்யூ பேப்பர் கொண்டுவந்தான். அதற்குக் காசு வாங்கவில்லை.

"இத என்னால எடுத்துக் கொட்ட முடியாது அண்ணாச்சி. கையில எடுத்தா வாய்க்குத்தான் போவும். நீங்க எடுங்க."

எடுத்தேன். வாளி எங்கே என்று கிளாஸும் கையுமாக எழுந்து நின்றபோது வாசலில் கமிட்டி மெம்பர் செல்வின்துரை நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். போய்விட்டார்.

ஏப்ரல் 3, திங்கள்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்காரன் இன்று எனக்கு வணக்கம் சொல்லவில்லை, கண்ணடித்தான்.

மத்தியானம் கோயில்பிச்சை ஓடிவந்தான். ஐயரிடம் போய் உண்மையைச் சொல்லப்போவதாக நின்றான். இருட்டு மூலையில் இருந்த அவனைச் செல்வின்துரை கவனிக்கவில்லை. அவனும் அங்கே இருந்தது வெளியே வந்தால், ஊற்றிய கிளாஸைக் குடித்த கிளாஸாக்கி உடன்குடிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமில்லை.

"உன் வீட்டுக்காரி வந்து சேருத வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது" என்றேன். "இது தலைவர் உத்தரவு."

நாளை சாயங்காலம் அவசரக் கமிட்டி.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஆறு மணிக்குக் கமிட்டி கூடியது. நான் போனபோது ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். மழை வரும் போலிருக்கிறது என்றார்கள். ஏப்ரல் மாதத்தில். என் பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை ஒருவர் நைஸாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் எத்தனை வருடமாக என்னோடு கமிட்டிக்கு வருகிறார்கள்!

செல்வின்துரை எழுந்தார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன். மத்தியானம் ஒண்ணரை மணி. கையில ஃபுல் கிளாஸ். குருத்தோலை ஞாயித்துக்கிழமை!"

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர் அங்கே எதற்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கூடவே பெஞ்சு விவகாரமும், அவர் அப்பாவைப் பற்றிய ஒரு விவரமும் வரிசையில் நின்றன. உள்ளங்கை வியர்த்தது. காதுக்குள் இரைச்சல். அறைந்துபேச மேஜை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பதினெட்டு. ஆறு இருபத்துமூன்று வரை பேசமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

ஆறு இருபத்துமூன்றுக்கு, ஆறு இருபத்தெட்டு வரை என்று மாற்றினேன்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். சத்தம் வராததால் அவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. செல்வின்துரை தான் சொன்னதையே மூன்றாம் முறை சொன்னார், குரல் இறங்கிப்போய்.

ஐயர் கேட்டார். "சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல ஐயரே."

"அங்க போனது உண்மையா?"

"உண்மை."

"வேற ஒண்ணும் சொல்ல வேண்டாமா?"

"இப்ப ஒண்ணும் இல்ல."

தலைவர் பதவியிலிருந்து நீக்கம். ஏகமனதாக.

வீட்டுக்கு வந்தேன். எப்சிபா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"எடுத்துட்டாவ."

"சத்தம் போட்டியளா?"

"இல்ல."

"செல்வின்துரை பேசுனானா?"

"பேசுனான்."

"அப்பமும் போடலியா? ஒரு வார்த்தகூடவா?"

"ஒண்ணும் பேசல."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு இட்லி எடுத்து வைத்தாள். வழக்கமாக நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். இன்று அவளும் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, பன்னிரண்டு முதல் மூன்று வரை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் நல்ல காற்றோட்டம். யாரும் பக்கத்தில் வரவில்லை.

தம்மேல் குற்றம் சாட்டியவர்களுக்கு ஆண்டவர் மறுவார்த்தை சொல்லவில்லை என்பதை வருடா வருடம் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. நான் என்னை அவரோடு வைத்துப் பேசவில்லை. அவர் குற்றம் செய்யாதவர். நான் நாலு குழாயில் ஒருவனை நாயே என்றவன்.

இந்த நோட்டின் பழைய பக்கங்களை வாசித்துப் பார்த்தேன். 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் இருந்ததை எழுதத் தொடங்கினேன். இடம் போதவில்லை.

டம்ளர் தானாக உருளவில்லை.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு உடன்குடி ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஜெபக்கனி இறங்கினாள், மகளோடு. கோயில்பிச்சை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை; எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்ததாம். அவள்தான் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து ஐயரின் அறைக்கு மூவரும் போனார்கள். கால் மணி நேரம் கழித்து ஜெபக்கனி நேராக என்னிடம் வந்தாள்.

"மைக்குல பேசுனத உடன்குடியில எனக்கு அன்னைக்கே போன்ல சொல்லிட்டாவ மாமா. உங்கமேல எனக்குக் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்மா. நியாயம்தான்."

"அங்க தேடிப்போனது இப்பத்தான் தெரியும்." சற்று நின்றாள். "மத்தியானம் சாப்பிட வாங்க. அத்தையையும் கூட்டிட்டு வாங்க."

போனோம். கறி நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

காலையில் ஐயர் வீட்டுக்கு வந்தார். கமிட்டி தன் தவற்றை உணர்ந்துவிட்டதாம். தலைவர் பதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். செல்வின்துரையிடம் அவர் அந்த மத்தியானக் கேள்வியைத் தனியாகக் கேட்டதாகவும் அதற்கு நீண்ட பதில் கிடைத்ததாகவும் சொன்னார். பதில் என்ன என்று நான் கேட்கவில்லை. ஏழரை முதல் ஏழு நாற்பதுவரை கேட்காமல் இருந்தேன்.

"கோயில்பிச்சையைத் தலைவரா போடுங்க ஐயரே. நெறஞ்ச கிளாஸ் முன்னால ஒரு மணி நேரம் இருந்தவன் அவன். நான் சோடா குடிச்சேன்."

"நீங்க?"

"மெம்பரா சேத்துக்குங்க. கையெழுத்துப் போடுதேன். குடிக்கு இல்ல, வாய்க்கு."

ஐயர் போன பிறகு எப்சிபா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஒரு விசயம் சொல்லணும். கத்தக்கூடாது."

"சொல்லு."

"மாப்பிள்ளைக்கு வேல போயி ஏழு மாசமாச்சு. பெனிட்டாவும் அவருமா வீட்டுல இட்லி மாவு அரைச்சு விக்காவ. நல்லாத்தான் போவுதாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா. ஐயருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நான் கீரை பறிக்கப் போனதெல்லாம் அவகூட போன் பேசத்தான்."

கடிகாரத்தைத் தேடினேன். அது அடுத்த அறையில் இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அதனிடத்தில் வேறொன்று வந்தது. ஏழு மாதம். என் பிள்ளை என்னிடம் சொல்லவில்லை, வேலை போனதைவிட என் சத்தத்துக்கு அதிகமாகப் பயந்து.

"போன் போட்டுக் குடு" என்றேன்.

எப்சிபா தன் போனில் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள். இரண்டாவது மணியிலேயே பெனிட்டா எடுத்துவிட்டாள். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, அப்பா வெளிய போயாச்சா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். எப்சிபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "அப்பாதான் பேசுதேன். மாவு எப்படிப் போவுது?"

கிரைண்டர் நின்றது. நான் காத்திருந்தேன்.